வாளைத் தொடாத பிரபு

அன்புள்ள கயலுக்கு,

சாமுராய் என்றாலே சண்டைதானா என்று கேட்டிருந்தாய். உயெசுகி யோசானைப் பற்றிச் சொல்கிறேன், கேள். ஜப்பானின் தெற்கே தகானாபே பிரபுவின் மகனாகப் பிறந்து, வடக்கே மலை சூழ்ந்த யோனெசாவாவுக்குத் தத்துப்பிள்ளையாக வந்தவர். 1767இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை.

கைக்கு வந்தது கடனில் மூழ்கிய நாடு. உயெசுகிகளின் நிலம் ஒருகாலத்தில் 12 லட்சம் கோகு விளைந்தது. ஒரு கோகு என்பது ஒருவர் ஓராண்டு உண்ணும் அரிசி. செகிகஹாரா போரில் தோற்ற பக்கம் நின்றதால் அது 3 லட்சமாகி, பிறகு ஒன்றரை லட்சமாகச் சுருங்கியது. ஆனால் வீரர் குடும்பங்களை அவர்கள் கைவிடவில்லை. வருவாயெல்லாம் சம்பளத்துக்கே போயிற்று.

யோசான் முதலில் தன் வீட்டுச் செலவைத்தான் குறைத்தார். எடோ (இன்றைய டோக்கியோ) மாளிகையில் ஆண்டுக்கு 1,500 ரியோ பொற்காசு செலவானது 209 ஆயிற்று. 50 பணிப்பெண்கள் 9 ஆனார்கள். அவர் உடுத்தியது பருத்தி. வீரர்கள் தரிசைத் திருத்தினார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் தறியில் உட்கார்ந்தார்கள். 1773இல் ஏழு மூத்த அதிகாரிகள் இந்த மாற்றங்களை எதிர்த்து எழுந்தார்கள். அவர்களில் இருவரைத் தம் வயிற்றைத் தாமே கிழித்து உயிர்விடுமாறு ஆணையிட்டார். அந்தக் காலத்து வழக்கம்தான் என்றாலும் என் மனம் ஒப்பவில்லை. உன்னிடம் அதை மறைக்கவும் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது உகோகி வேலிதான். முள்செடி, வீட்டுக்குக் காவல். வசந்தத்தில் அதன் தளிரைக் கிள்ளி, வேகவைத்து, பொடியாக நறுக்கி, உப்புச் சேர்த்துச் சோற்றில் கலந்தால் சாப்பாடு. பஞ்சத்துக்கு உதவும் என்று வீட்டுக்கு வீடு நடச் சொன்னார். இன்றும் யோனெசாவாவில் அந்த வேலிகள் உண்டு. 1780களின் கொடும் பஞ்சத்தில் வெளியிலிருந்து அரிசி வாங்கி மக்களுக்குக் கொடுத்தார். 1802இல் உண்ணத்தக்க எண்பதுக்கு மேற்பட்ட செடிகளையும் அவற்றைச் சமைக்கும் முறையையும் சொல்லும் ‘கடேமோனோ’ என்ற கையேடு அச்சாகி ஊர்களுக்குப் போயிற்று. அவர் மறைந்த பிறகு 1830களில் வந்த பஞ்சத்திலும் அது கைகொடுத்தது.

1785இலேயே பதவியை வாரிசுக்குக் கொடுத்துவிட்டார். கூடவே மூன்றே விதிகள். நாடு முன்னோர் தந்து பின்னோருக்குப் போகவேண்டியது, பிரபுவின் சொத்து அல்ல, மக்களும் அவன் உடைமை அல்ல, அவர்களுக்காகத்தான் பிரபு. பரம்பரை ஆட்சியில் பிறந்த ஒருவர் இதைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார் என்பதை யோசித்துப் பார், கயல்!

ஒதுங்கிய பிறகும் 1822இல் இறக்கும்வரை சீர்திருத்த வேலைகளை விடவில்லை. நாட்டின் கடன் அடைந்தது மறு ஆண்டில்.

அன்புடன்,
பெரியப்பா