ஒற்றைக் கோருக்கு எந்தக் கெர்னல்?

கேள்வி: பட்டுப்புடவை டிசைன் போடும் பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றப்போகிறேன். ஒரே கோர்தான். பல கோர் கெர்னல் வேகத்தைக் குறைக்குமா? தனியாக கம்பைல் செய்யணுமா?
– வாசகர், கலசப்பாக்கம்

பதில்: தேவையில்லை. 1996இல் 2.0 பதிப்போடு லினக்ஸுக்குப் பல பிராசஸர் வசதி வந்தது. ஆரம்பத்தில் டிஸ்ட்ரோக்கள் இரண்டு விதக் கெர்னல் தந்தன. காரணம் பூட்டுகள். இரண்டு கோர்கள் ஒரே தரவில் ஒரே நேரத்தில் கைவைக்காமல் அவை காக்கும்; ஒற்றைக் கோரில் வீண் சுமை. 2006இல் இன்டெல், ஏஎம்டி வகைச் சிப்புகளுக்கு இதற்கு வழி பிறந்தது: பூட் ஆகும்போது ஒரே கோர் என்று தெரிந்தால், கெர்னலே அந்தப் பூட்டுக் கட்டளைகளை லேசாக்கிக்கொள்ளும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியனும் பிறகு ஒரே கெர்னலுக்கு மாறியது. டீஃபால்ட்டையே போடுங்கள், வேகம் போதவில்லையென்றால் ரேமைக் கூட்டுங்கள்.