படிக்கும் பிள்ளை வேலைக்குப் போகலாமா?

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் காலையில் கல்லூரிக்கும், பிற்பகலில் கம்பெனிக்கும் போய்வரும் பிள்ளைகள் பலர் உண்டு. துறைமுகக் கிளியரிங் அலுவலகத்தில் பில் எழுதுகிறார்கள். கண்டெய்னர் கிடங்கில் கணக்கெடுக்கிறார்கள். இது கூடுமா?

தாராளமாகக் கூடும். ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப்பகுதியில் குடியிருந்தபோது, அவர்களும் அண்டை வீட்டு அன்ஸாரித் தோழரும் முறைவைத்து, நாளுக்கு ஒருவராக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சபைக்குச் சென்றார்கள். சென்றவர், அன்று கேட்டதை மற்றவருக்கு எடுத்துரைப்பார். ஸஹீஹுல் புகாரியின் கல்விப் பாடத்தில் இச்செய்தி உள்ளது. பிழைப்புக்காக அவர்கள் கல்வியை விடவில்லை.

ஆனால் இதில் இரண்டு அமானத்துகள் உள்ளன.

முதலாவது, கம்பெனியின் நேரம். தகப்பனை இழந்த மாணவர் ஒருவர் என்னிடம், "பரீட்சை சமயத்தில் மேசைக்கடியில் புத்தகம் வைத்துப் படிக்கிறேன் ஹஜ்ரத், அப்போது வேலை ஒன்றும் இராது. அனுமதி கேட்டு வேலை போய்விட்டால் வீட்டில் அடுப்பெரியாது" என்றார். அவர் கவலை நியாயமானதே. எனினும், கூலிக்கு ஒப்புக்கொடுத்த நேரம் முதலாளிக்குரியது. வேலையில்லாமல் காத்திருப்பதும் அந்த ஒப்பந்தத்தில் அடங்கும். பர்ளுத் தொழுகைக்கான நேரம் இதில் விலக்கு. நபிலுக்கோ அனுமதி வேண்டும். நபிலுக்கே இப்படியென்றால், பாடப்புத்தகத்துக்கு என்ன சொல்வது? அனுமதி கேளுங்கள், கிடைத்தால் அதே படிப்பு ஹலால். கிடைக்காவிட்டால் புத்தகத்தை மூடிவையுங்கள். மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் சொன்னபோது, வலிமையோடு நம்பகத்தையும் சேர்த்துச் சொன்னதைக் குர்ஆன் எடுத்துக் கூறுகிறது.

இரண்டாவது, கல்லூரியின் வருகைப் பதிவு. வராதவனுக்காக நண்பன் "உள்ளேன்" என்று குரல் கொடுப்பது பொய்ச்சாட்சி. அன்ஸாரித் தோழர் வராதவருக்குப் பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இங்கே நண்பன் பெயரை மட்டும் சேர்க்கிறான், பாடம் போய்ச் சேருவதில்லை.

இரண்டையும் நிறைவேற்ற முடியாதவருக்கும் வழி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லிருந்து அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு நடத்திவருகிறது. 1985-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. பட்டம் சற்றுத் தாமதமாக வரட்டும், பரக்கத்தோடு வரட்டும்.

ஹலாலான உழைப்பையும் பயனுள்ள கல்வியையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.