தென்பெண்ணை நீருக்கு எந்த ஃப்ளை?

ஃப்ளை ஃபிஷிங்கில் எடை இரையில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. தடித்த கயிறுதான் வீசப்படுகிறது. முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த ஃப்ளை அதன் பின்னே போய் விழுகிறது. மண்புழுவுக்கு வாசனை உண்டு. ஃப்ளைக்கு உருவமும் அசைவும் மட்டுமே. ஆகவே மீன் எதைத் தின்கிறது, நீரின் எந்த மட்டத்தில் தின்கிறது என்று பார்த்த பிறகே ஃப்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் ஃப்ளைப் பெட்டிகள் பெரும்பாலும் டிரவுட் மீனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் அவற்றுக்கு உரிய இடம் நீலகிரி. அங்கே அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கப்பட்டது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி நீர்நிலைகளில் அது வாழாது. இங்கே ஃப்ளையை முடிவு செய்பவை விராலும் ஜிலேபியும்தான்.

மீனுக்கு முன்பே பார்க்க வேண்டியது நீர். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து நீர் திறக்கும்போது நுரை பொங்குவது ஓசூர்க்காரர்கள் அடிக்கடி காணும் காட்சி. நுரை படர்ந்த நீரில் மிதக்கும் டிரை ஃப்ளை மீனின் கண்ணில் படாது. அங்கே பிடித்த மீனை உண்ணாமல் இருப்பதே நல்லது. கீழே கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையில் நீர் பரந்து நிற்கிறது. மழைக்குப் பிறகு கலங்கிச் சிவக்கிறது. கலங்கிய நீரில் கறுப்பு, கரும்பழுப்பு ஃப்ளைகள் நிழலுருவாகத் தெளிவாகத் தெரியும். தெளிந்த நீருக்கு ஆலிவ் பச்சை, வெளிர்பழுப்பு போன்ற அடங்கிய நிறங்கள் பொருந்தும்.

விரால் பதுங்கியிருந்து பாயும் மீன். கரையோரக் கோரை, ஆகாயத்தாமரை, மூழ்கிய முள்மரம் ஆகியவை அதன் இருப்பிடம். தவளையும் சிறுமீனும் அதன் இரை. அதிகாலையிலும் அந்தியிலும் தவளை வடிவப் பாப்பர் நல்ல தேர்வு. நீர்ப்பரப்பில் அது எழுப்பும் சலசலப்பே விராலை இழுக்கும். வெயில் ஏறியபின் பாப்பரை விட, சிறுமீன் போல நீருக்குள் நெளியும் ஸ்ட்ரீமர் மேல். எதுவானாலும் முள்ளின் கூர் செடியில் சிக்காதபடி மறைப்புக் கம்பி வைத்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நாள் முழுவதும் கோரையைத்தான் இழுக்க நேரும். 2 அல்லது 4ஆம் எண் முள்ளும், அதை வீசும் வலுவுள்ள 7 அல்லது 8ஆம் எண் கோலும் போதும். முள்ளின் எண் கூடினால் அளவு குறையும் என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். குஞ்சுக் கூட்டத்தைக் காக்கும் விரால் எதன்மேலும் பாயும். அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அந்த இடத்தில் எந்த ஃப்ளையும் வேண்டாம்.

ஜிலேபிக்கு இதற்கு நேர்மாறானது வேண்டும். பாசியும் நீர்ப்பூச்சியும் மேயும் சின்ன வாய் அதற்கு. 10 முதல் 14ஆம் எண் முள்ளில் கட்டிய நிம்ஃப், அதாவது பூச்சியின் இளம்பருவம் போன்ற ஃப்ளை, அடித்தரையை ஒட்டி மெல்ல ஊர்ந்தால் கவ்விக்கொள்ளும். வேகமாக இழுத்தால் ஒதுங்கிப் போகும். தொடங்குவோருக்கு இதைவிட நல்ல மீன் இந்த வட்டாரத்தில் இல்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டு இனம் என்பதால் பிடித்ததைத் திரும்ப விடவும் வேண்டியதில்லை.

கட்லாவும் ரோகுவும் ஃப்ளைக்கு எளிதில் வசப்படாதவை. கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது. அவற்றுக்கென்று தனி ஃப்ளை வாங்குவது வீண்செலவு. ஓடும் நீரில் துள்ளும் சிறுகெண்டைகளுக்கு 16ஆம் எண் டிரை ஃப்ளை ஒன்று போதும்.

ஃப்ளையைக் கையால் கட்டுவோருக்கு நாட்டுச் சேவலின் கழுத்திறகே சிறந்த பொருள். காட்டுக்கோழியின் புள்ளியிறகை வெளிநாட்டு ஃப்ளை கட்டுநர்கள் போற்றுவதுண்டு. அது சட்டப் பாதுகாப்புள்ள பறவை. அதன் இறகைத் தேடிப் போகக் கூடாது.

பெரிய ஸ்ட்ரீமரைக் கண்டதும் காவிரியின் மஹசீர் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டக் காட்டை ஒட்டிய காவிரிக்கரை, 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயங்களுக்கு உட்பட்டது. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் 2018 முதல் மிக அருகிவரும் இனங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அந்த நீரில் தூண்டில் போடக் கூடாது. அணைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை மீன்வளத்துறையிடமோ குத்தகைதாரரிடமோ இருக்கும். கோலை விரிக்கும் முன் அவர்களின் அனுமதியைப் பெற வேண்டும்.