கடல் பார்க்கப் போறோமா? தெரிஞ்சுக்கிட்டுப் போவோம்!



சுற்றுலான்னு பேச்சு வந்தாலே எல்லாரும் கொடைக்கானல்னுதான் கை தூக்குறோம். இராமேசுவரம்னு சொன்னா, "கோயிலும் மணலும்தானே, அங்க என்ன இருக்கு?"ன்னு கேட்கிறாங்க. கரிசல் காட்டுல பிறந்த நமக்கு அங்கே படிக்க வேண்டிய பாடம் நிறைய இருக்கு.

இரண்டு கடல்:
இராமேசுவரம் ஒரு தீவு. மதுரையிலிருந்து சுமார் 170 கி.மீ. வடக்கே பாக் விரிகுடா. அங்கே ஆழம் குறைவு, அலையும் குறைவு. அதனால் அதைப் "பெண்கடல்" என்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா. அலை அதிகம், அது "ஆண்கடல்". இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். அதுதான் தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனை. 2017 முதல் அதுவரை தார் ரோடு இருக்கிறது.

பாம்பன் பாலம்:
பழைய ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. நீளம் 2 கி.மீ.-க்குச் சற்று அதிகம். அப்போது கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கை விரிப்பது போல் திறந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும். பக்கத்திலேயே 1988-ல் திறந்த பஸ் போகும் பாலமும் உண்டு.

தனுஷ்கோடி ஏன் அழிந்தது?
ஒரு காலத்தில் சென்னையிலிருந்து ரயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கே கப்பல் ஏறினால் இலங்கையில் தலைமன்னார். 1964 டிசம்பர் 22 இரவு பெரும் புயல் வந்தது. புயல் காற்று கடல் தண்ணியைக் கரைமேல் தள்ளும். ஊரோ இரண்டு கடலுக்கு நடுவே குறுகலான, தாழ்ந்த மணல்திட்டு. தண்ணி வந்தால் ஓட மேடு கிடையாது. பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் இழுத்துக் கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இப்போது இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும்தான் மிச்சம். புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் என்ற பொறியாளர் தலைமையில் 46 நாளில் சரி செய்தார்கள்.

உப்புக் கடல் ஓரம் நல்ல தண்ணி!
தனுஷ்கோடி மணலில் கொஞ்சம் தோண்டினால் குடிக்கிற தண்ணி ஊறும். இது அதிசயம் இல்லை, அறிவியல். மழைத்தண்ணி மணலுக்குள் இறங்குகிறது. உப்புத் தண்ணியைவிட அடர்த்தி குறைவு, அதனால் மேலே மிதக்கிறது. ஒரு டம்ளரில் நிறைய உப்புப் போட்டுக் கரைத்து, அதன்மேல் மை கலந்த நல்ல தண்ணியை ஸ்பூன் வழியாக மெதுவாக ஊத்திப் பாருங்க. மேலேயே நிற்கும். ஆனால் ஒரேயடியாக இறைத்தால் கீழே உள்ள உப்புத் தண்ணி ஏறி ஊற்றே கெட்டுவிடும். அங்கே குடிசை போட்டு மீன்பிடிக்கிறவர்கள் அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு எடுக்கிறார்கள். மோட்டார் போட்டு இறைக்கிற நாம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

கலாம் ஐயா ஊர்:
அப்துல் கலாம் 15.10.1931-ல் இராமேசுவரத்தில் பிறந்தார். சின்ன வயதில் பேப்பர் போட்டு வீட்டுக்கு உதவினார். பேய்க்கரும்பில் அவர் நினைவிடம் 2017-ல் திறக்கப்பட்டது.

போகும்போது மறக்காதீங்க:
1. அரிச்சல்முனையில் குளிக்க இறங்கக் கூடாது. நீரோட்டம் பலமானது. நமக்குக் கிணற்று நீச்சல்தான் தெரியும். கடல் நீச்சல் வேறு.
2. பவளப்பாறை, கடல் குதிரை இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. யார் விற்றாலும் வாங்காதீங்க. வாங்குகிற ஆள் இருப்பதால்தான் உடைக்கிறார்கள்.
3. பாலிதீன் பையைக் கடற்கரையில் போடாதீங்க. மன்னார் வளைகுடாவில் கடல் பசு வாழ்கிறது. அது கடல் புல்லை மேயும். புல்லோடு பையும் வயிற்றுக்குள் போனால் செத்துப்போகும்.

கடலிலிருந்து சிப்பி கொண்டு வருவதைவிட ஒரு கேள்வி கொண்டு வாங்க. அடுத்த இதழில் அதை எழுதலாம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, டி. கல்லுப்பட்டி