சூரியனுக்கு மூத்த தூசு

கேள்வி: விண்கல்லுக்குள் சூரியனைவிடப் பழைய தூசு இருக்கிறதாமே? கண்ணுக்கே தெரியாததை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லை அமிலங்களில் கரைத்தபோது சிலிக்கான் கார்பைடு மணிகள் எஞ்சின. பல மணிகள் ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான்; எரித்து வாயுவாக்கி அளக்கும் வழக்கமான முறை ஒற்றை மணிக்கு உதவாது. ஆகவே வெற்றிடத்தில் வைத்து, சீசியம் அயனிக் கற்றையால் தாக்குகிறார்கள். தெறிக்கும் கார்பன் அயனிகளைக் காந்தப்புலம் நிறைவாரியாக, கார்பன்-12 என்றும் கார்பன்-13 என்றும் பிரிக்கும். கனமானது குறைவாக வளையும். பிறகு ஒவ்வொன்றாக எண்ணவேண்டியதுதான். 10,000 அயனிகளை எண்ணினால் பிழை 1 சதவீதம். மேலும் எண்ணலாமே என்றால், அளக்க அளக்க மணியே கரைந்துபோகும்! ஆனால் இங்கே 1 சதவீதமே தாராளம். பூமியில் ஒரு கார்பன்-13க்கு ஏறத்தாழ 89 கார்பன்-12; இம்மணிகளில் பெரும்பாலும் 40 முதல் 80 வரைதான். அவ்வளவு பெரிய வேறுபாட்டை நம் சூரியக் குடும்பத்துக்குள் விளக்க முடியாது. சூரியன் பிறக்கும் முன்பே முதிர்ந்த செம்பெரு விண்மீன்கள் உமிழ்ந்த தூசு அது.