வாளும் விசுவாசமும்

கிறித்து சமயத்தைப் பிறர்மேல் வலிந்தேற்றல் கூடுமோ என்னும் வினாவுக்கு அச்சமயத்தார் வரலாற்றினின்றே விடை காண்டல் தகும். பிராங்கியர் வேந்தன் சார்லமேன், இற்றைச் செர்மனியின் வடபால் வாழ்ந்த சாக்சானியரோடு 772 முதல் நெடும்போர் நிகழ்த்தினான். கலகஞ் செய்தார் 4,500 பேரை 782இல் வெர்டன் என்னுமிடத்துக் கொல்வித்தான் என அவன் அரசவை ஆண்டுக்குறிப்பே கூறும். அக்காலத்து அவன் இயற்றிய சட்டமோ, ஞானஸ்நானம் பெறாது ஒளித்திருப்பார்க்கும், தம் பழவழக்கின்படி பிணஞ் சுடுவார்க்கும் மரணதண்டம் விதித்தது.

இதனைக் கடிந்தவர் யாவர்? அவ்வவைக்களத்துக் கிறித்தவ ஆசிரியராகிய அல்குவினே. விசுவாசம் விருப்பால் எய்துவது என்றும், ஒருவனை ஞானஸ்நானத்துக்குச் செலுத்தலாமேயன்றி விசுவாசத்துக்குச் செலுத்தலாகாது என்றும், தசமபாக வரியே சாக்சானியர் பற்றைக் கெடுத்தது என்றும் 796இல் திருமுகம் வரைந்தார். அவர் துணைக்கொண்டது அகுஸ்தீன் வாக்கு. அவ்வகுஸ்தீனோ தொனாத்தியர் என்னும் பிரிவினரை அரசாணையால் அடக்குதற்கு உடன்பட்டவர்! 797இல் எழுந்த புதுச்சட்டம் முன்னையதினும் மென்மையுடைத்து.

அல்குவின் கூற்று நம் சித்தாந்தத்திற்கும் ஒக்கும். உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் உள. வாளாற் பெறுவது இச்சையில்லாத கிரியையே. மலபரிபாகமும் சத்திநிபாதமும் வேந்தன் ஆணைக்கு வாரா.

அற்றேல், பெரியபுராணம் கூறும் சமணர் கழுவேற்றம் என்னை எனின், அவர் தாமே சூளுற்றார் எனக் கூறி அமைவார் நம்முட் பலர். சூளின்படியே ஆயினும் கழுவேற்றுவித்தது அரசன் ஆணையன்றோ? சாக்சானியர்க்கு ஒரு நீதியும் சமணர்க்கு ஒரு நீதியும் யான் கூறேன்.