மூன்று மொழிகளில் இணையத்தளம்: முகவரியை எப்படி அமைப்பது?

உரும்பிராய்ச் சந்தியில் கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் பொதி செய்து விற்கிறார். தமிழில் இணையத்தளம் உண்டு. இப்போது தென்பகுதியிலிருந்து சிங்கள வாடிக்கையாளர்கள் விசாரிக்கிறார்கள். ரொறன்ரோவில் வளர்ந்த நம்மவர் பிள்ளைகளுக்கோ ஆங்கிலம் வேண்டும். மொழிபெயர்க்க ஆள் பிடித்துவிடலாம். அந்த மொழிபெயர்ப்பு எந்த முகவரியில் இருக்கப்போகிறது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினால் மொழி மாறும்படி சிலர் செய்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கூகுள் போன்ற தேடுபொறி முகவரியை வைத்தே பக்கத்தைப் பதிவு செய்கிறது. ஒரு முகவரிக்குப் பின்னால் மூன்று மொழிகள் இருந்தால், பெரும்பாலும் ஒன்றுதான் அதன் கண்ணில் படும். சிங்களத்தில் தேடுபவருக்கு உங்கள் கடை தெரியாது. மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த காசு வீண்.

ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வேண்டும். மொழிக்கொரு பெயரைத் தனித்தனியே பதிவு செய்யலாம். ஆனால் வருடாவருடம் ஒவ்வொன்றுக்கும் கட்டணம். தமிழ் விக்கிப்பீடியாவைப் போலப் பெயருக்கு முன்னால் மொழிக் குறியீட்டை வைக்கலாம். பிபிசி தமிழைப் போலப் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இட்டு மொழியைக் குறிக்கலாம். சிறு வியாபாரிக்கு இந்தக் கடைசி வழியே நல்லது என்பேன். ஒரே பெயர், ஒரே கட்டணம், பராமரிப்பும் இலகு.

குறியீட்டில் கவனம் தேவை. தமிழுக்கு 'ரி.ஏ.', சிங்களத்துக்கு 'எஸ்.ஐ.', ஆங்கிலத்துக்கு 'ஈ.என்.'. சிங்களம்தானே என்று 'எஸ்.எல்.' போட்டால் அது ஸ்லோவேனிய மொழி! 'எல்.கே.' நாட்டின் குறியீடு, மொழியினுடையது அல்ல.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாமா? வைக்கலாம். 2010இலேயே நம் நாட்டுக்கு '.இலங்கை' என்ற தமிழ் முடிவும், சிங்கள எழுத்தில் 'லங்கா' என்ற முடிவும் கிடைத்துவிட்டன. ஆனால் பக்கத்தின் முகவரியில் 'வெங்காயம்' என்று தமிழில் எழுதினால், அதைப் பிரதிசெய்து அனுப்பும்போது பல இடங்களில் சதவீதக் குறிகளும் எண்களுமாக 81 எழுத்துகளுக்கு நீண்டுவிடும். வட்ஸ்அப்பில் அதைக் கண்டவர் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். பக்கத்தின் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் வைப்பதே என் ஆலோசனை.

வந்தவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று பார்த்துத் தானாகவே மொழியை மாற்றும் வசதியை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ரொறன்ரோவிலிருக்கும் அம்மம்மாவுக்குத் தமிழ்தான் வேண்டியிருக்கும். கூகுளின் இயந்திரமும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருவதால், ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடக்கூடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'தமிழ்', 'சிங்களம்', 'ஆங்கிலம்' என்று இணைப்பு வையுங்கள்; ஒவ்வொரு பெயரும் அந்தந்த மொழி எழுத்திலேயே இருக்கட்டும். பனங்கட்டிப் பக்கத்தில் அழுத்தினால் மற்ற மொழியின் பனங்கட்டிப் பக்கமே வரவேண்டும், முகப்பு அல்ல. தளம் அமைப்பவரிடம் 'எச்ரெஃப்லாங்' குறிப்பு போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். இந்தப் பக்கத்தின் சிங்கள வடிவம் எது என்று தேடுபொறிக்குச் சொல்வது அதுதான். இரு பக்கமும் ஒன்றையொன்று சுட்டாவிட்டால் அது பயன்படாது.

இவற்றையெல்லாம் பொதியில் முகவரி அச்சிடுவதற்கு முன்னரே முடிவு செய்துவிடுங்கள். ஏற்கனவே அச்சிட்டாயிற்றென்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் '301' ஏற்பாட்டைச் செய்யச் சொல்லுங்கள். கடைசிப் பொதி விற்றுத் தீர்ந்த பின்னும் அதை எடுத்துவிட வேண்டாம்.